காத்திருக்கிறவர் நேரம் யார் கணக்கில்? – நெய்யூர் முதல் மதுரை வரை ஒரு குறிப்பு

“ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னைக்குப் பொழுது போச்சு.” அஞ்சுகிராமம் பக்கம் இதைச் சொல்லாத வீடு இருக்காது. குமரி மாவட்டத்தின் கிழக்கு ஓரம் இது. தாண்டினால் திருநெல்வேலி மாவட்டம். பெரிய வைத்தியம் என்றால் நாகர்கோவில் போகணும், அங்கிருந்து பெரும்பாலும் இன்னொரு பஸ் மாறி ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் போகணும். டாக்டர் பார்க்கிற நேரம் ஐந்து நிமிஷமாக இருக்கலாம். ஆனால் சீட்டு போடும் இடம், ஓ.பி. வரிசை, ரத்தப் பரிசோதனை, முடிவு வாங்குகிற ஜன்னல், மறுபடி டாக்டர், கடைசியில் மருந்து கொடுக்கும் இடம் என்று ஒரு நாள் முழுக்கக் கழிந்துவிடும். கூட வந்தவருக்கும் அன்றைக்குக் கூலி கிடையாது.

இதை எல்லாரும் “கூட்டம் ஜாஸ்தி, டாக்டர் கம்மி” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைக் கண்டுபிடிக்கத்தான் கடந்த நூறு வருஷமாக ஒரு துறை வளர்ந்து வந்திருக்கிறது. ஒரு நிறுவனத்தில் வேலை எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்குப் போகிறது என்று படம் வரைவது அதன் முதல் பகுதி. அந்தப் படத்தைக் காகிதத்திலோ கம்ப்யூட்டரிலோ ஓடவிட்டு, “இந்தப் படியை மாற்றினால் என்ன ஆகும்?” என்று நிஜ நோயாளிகளைத் தொந்தரவு செய்யாமல் பார்ப்பது இரண்டாவது. முதலாவதைச் செயல்முறை வரைபடம் என்றும் இரண்டாவதை சிமுலேஷன் என்றும் சொல்கிறார்கள். நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால், ஒத்திகை பார்ப்பது.

இந்தத் துறையின் சரித்திரத்தைப் படித்துக்கொண்டு போனால் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும். யாருடைய நேரத்தைக் கணக்கில் சேர்க்கிறோம்? அதற்கு நம்ம மாவட்டத்திலும் மதுரையிலும் கிடைத்த பதில்களை ஒழுங்குபடுத்திப் பார்க்கத்தான் இந்தக் குறிப்பு.

நெய்யூர்: ஒரே டாக்டர் என்ற பிரச்சினை

நாகர்கோவிலுக்கு மேற்கே இருக்கிறது நெய்யூர். லண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப் பணி அங்கே 1838-ல் ஆர்ச்சிபால்டு ராம்சேயுடன் ஆரம்பித்தது. 1852-ல் சார்லஸ் லீச் வந்தார். இரண்டு வருஷத்துக்குள் கடலில் மூழ்கி இறந்துபோனார். அடுத்த மருத்துவர் ஜான் லோ வந்து சேர்ந்தது 1861-ல்தான். ஒரு மனிதரை நம்பி நடக்கும் ஆஸ்பத்திரிக்கு அந்த மனிதர் போய்விட்டால் என்ன கதி என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம்.

ஜான் லோ உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவ வகுப்பு ஆரம்பித்தார். அப்படிப் பயிற்சி பெற்றவர்கள் கிளை மருந்தகங்களை நடத்தினார்கள். பெரிய டாக்டர் பார்க்க வேண்டாத நோய்க்கு நோயாளி நெய்யூர் வரை நடக்க வேண்டாம் என்றாயிற்று. பின்னாடி வந்தவர்கள் இதையே விரித்துக்கொண்டு போனார்கள். திருவிதாங்கூரின் தெற்குப் பகுதியில் இந்தக் கிளைகள் ஒரு வலை மாதிரிப் பரவின.

1922-ல் எவரெஸ்ட் பயணம் முடித்துவிட்டு ஹோவர்டு சாமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் நெய்யூர் பக்கம் வந்தார். அங்கே காத்துக் கிடந்த கூட்டத்தையும், அதற்குக் கொஞ்சமும் போதாத மருத்துவர் எண்ணிக்கையையும் பார்த்துவிட்டு, லண்டனில் கிடைக்க இருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே வேலைக்கு வந்தார். 1924-ல் மறுபடி எவரெஸ்ட் போய் ஏறக்குறைய 28,000 அடி வரை ஏறினார். ஆனால் வாழ்நாளின் பெரும்பகுதியை நெய்யூரிலும், பிறகு வேலூரிலும் அறுவை சிகிச்சை மேசைக்குப் பக்கத்தில்தான் கழித்தார்.

சாமர்வெல் செய்தது தியாகம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு வரிசையைக் குறைக்க இரண்டு வழி உண்டு என்பதைக் கவனிக்கணும். ஒன்று, இன்னொரு டாக்டர் வருவது. மற்றொன்று, டாக்டர்தான் செய்யணும் என்ற வேலையையும் மற்றவர் செய்யக்கூடிய வேலையையும் பிரிப்பது. நெய்யூர் 1860-களிலேயே இரண்டாவது வழியைத் தொட்டுவிட்டது. அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

செங்கலும் டெலிபோனும்

பெயர் வைத்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். அமெரிக்காவில் பிராங்க் கில்பிரெத் கொத்தனார் வேலையில் ஆரம்பித்தவர். ஒரு செங்கல் வைக்கக் கை எத்தனை தடவை அசைகிறது என்று எண்ணி, தேவையில்லாத அசைவுகளை வெட்டினார். பிறகு அதே கண்ணோடு ஆபரேஷன் அறைக்குள் போனார். அறுவை மருத்துவர் தானே தட்டில் கருவியைத் தேடி எடுப்பதைப் பார்த்தார். மருத்துவர் கேட்டதும் கருவியை அவர் கையில் வைக்க ஒரு நர்ஸ் இருக்கணும் என்றார். இன்றைக்கு சினிமாவில்கூட டாக்டர் கை நீட்டுவார், கத்தரிக்கோல் வந்து விழும். அதை வலியுறுத்திய முன்னோடிகளில் ஒருவர் கொத்தனாரிலிருந்து வந்தவர். 1921-ல் அவரும் மனைவி லில்லியனும் செயல்முறை வரைபடத்தை அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் முன்னால் வைத்தார்கள். இன்று கம்பெனிகளில் கட்டமும் அம்புக்குறியுமாக வரைகிற படங்களுக்கெல்லாம் பாட்டன் அதுதான்.

இன்னொரு கிளை டென்மார்க்கில். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங், எத்தனை லைன் இருந்தால் எத்தனை அழைப்பு காத்திருக்கும் என்ற கணக்கை 1909-லிருந்து எழுத ஆரம்பித்தார். வரிசைக் கோட்பாடு அங்கிருந்துதான் வருகிறது.

அந்தக் கோட்பாடு சொல்லும் ஒரு விஷயம் நம் பொதுப்புத்திக்கு நேர் எதிர். ஆட்கள் தோன்றின நேரத்தில் வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் ஏறுமாறாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்க. டாக்டர் பாதி நேரம் வேலையாக இருந்தால், சராசரிக் காத்திருப்பு ஒருவரைப் பார்க்கும் நேரத்துக்குச் சமம். 80 சதவீத நேரம் வேலை என்றால் நான்கு மடங்கு. 90 என்றால் ஒன்பது மடங்கு. 95 என்றால் பத்தொன்பது மடங்கு! கூட்டம் கொஞ்சம்தான் கூடுகிறது, வரிசை எங்கேயோ போய்விடுகிறது. “டாக்டர் ஒரு நிமிஷம்கூட சும்மா இருக்கக் கூடாது” என்று திட்டமிடுகிற இடத்தில் வராந்தா நிரம்பி வழிவது தற்செயல் இல்லை.

பெய்லியின் கணக்கு: தாயக்கட்டை போதும்

1952-ல் நார்மன் பெய்லி என்ற இங்கிலாந்துப் புள்ளியியல்காரர் இதை ஆஸ்பத்திரி ஓ.பி.க்குக் கொண்டுவந்தார். அங்கே அப்போதும் நம்ம ஊர் மாதிரிதான், டாக்டர் காத்திருக்கக் கூடாதென்று நோயாளிகளை முன்கூட்டியே வரச் சொல்லிக் குவித்து வைப்பார்கள். பெய்லி டாக்டர் ஒரு நோயாளியைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிறது என்ற நிஜ அளவுகளை எடுத்தார். தற்செயல் எண்களை வைத்து, கற்பனை ஓ.பி.க்களைக் காகிதத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்த்தார். எல்லாம் கைக்கணக்கு. ஐ.பி.எம்.மில் ஜெப்ரி கார்டன் இதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கியதே 1961-ல்தான்.

அதை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு பகடை போதும். ஒன்று விழுந்தால் டாக்டருக்கு 5 நிமிஷம், இரண்டுக்கு 7, மூன்றுக்கு 9, நான்குக்கு 11, ஐந்துக்கு 13, ஆறுக்கு 15. சராசரி 10 நிமிஷம். பத்து நோயாளிக்குப் பத்துத் தடவை உருட்டுகிறோம். விழுந்தது 2, 5, 1, 3, 6, 1, 5, 2, 6, 4 என்று வையுங்க. அப்படியென்றால் நேரம் 7, 13, 5, 9, 15, 5, 13, 7, 15, 11. கூட்டினால் சரியாக 100 நிமிஷம்.

முதல் முறை: பத்துப் பேரையும் காலை எட்டு மணிக்கே வரச் சொல்கிறோம். எல்லாருடைய காத்திருப்பையும் கூட்டினால் 419 நிமிஷம். கடைசி ஆள் 89 நிமிஷம் உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் ஒரு நொடியும் சும்மா இல்லை, 9.40-க்கு முடிகிறது.

இரண்டாவது முறை: பத்து நிமிஷத்துக்கு ஒருவர். மொத்தக் காத்திருப்பு 16 நிமிஷம்தான். ஆனால் டாக்டர் இடையிடையே சேர்த்து 6 நிமிஷம் சும்மா இருக்கிறார், 9.46-க்கு முடிகிறது.

மூன்றாவது, பெய்லி சொன்ன முறை: எட்டு மணிக்கு இரண்டு பேர், அதற்குப் பிறகு பத்து நிமிஷத்துக்கு ஒருவர். மொத்தக் காத்திருப்பு 59 நிமிஷம். டாக்டர் சும்மா இருந்தது பூஜ்யம். முடிந்தது 9.40-க்கு.

முதலாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. அதே டாக்டர், அதே நோயாளிகள், அதே முடியும் நேரம். காத்திருப்பு 419-லிருந்து 59. ஒரு ரூபாய் செலவில்லை, ஒரு ஆள் கூடுதலாக வேலைக்கு எடுக்கவில்லை. பகடையை மறுபடி உருட்டினால் எண்கள் மாறும். நூறு தடவை உருட்டிச் சராசரி எடுப்பதைத்தான் கம்ப்யூட்டர் நொடியில் செய்கிறது. அடிப்படை இவ்வளவுதான்.

பெய்லியின் வேலையில் எனக்கு முக்கியமாகத் தெரிவது வேறு ஒன்று. இரண்டாவது முறையா மூன்றாவதா என்று தேர்ந்தெடுக்க, டாக்டரின் ஒரு நிமிஷம் நோயாளியின் எத்தனை நிமிஷத்துக்குச் சமம் என்று முதலில் சொல்லியாகணும். கணக்கு அதைச் சொல்லாது, நாம்தான் சொல்லணும். எல்லாரையும் எட்டு மணிக்கு வரச் சொல்லும் ஆஸ்பத்திரியும் இதற்குப் பதில் சொல்லித்தான் இருக்கிறது. நோயாளியின் நேரத்துக்கு அங்கே விலை பூஜ்யம். அவரும் வெல்ச் என்பவரும் சேர்ந்து எழுதியதில் இன்னொன்றும் உண்டு: டாக்டரே நேரத்துக்கு வராவிட்டால் எந்த அட்டவணையும் நிற்காது.

மதுரை: பதினொரு படுக்கை

இந்தக் கணக்கைப் பெரிய அளவில் வாழ்ந்து காட்டிய இடம் என்று உலகமே சுட்டிக்காட்டுவது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை. நமக்குப் பக்கத்தில் அதன் திருநெல்வேலிக் கிளை 1988-ல் வந்தது.

கோவிந்தப்ப வெங்கடசாமி 1918-ல் எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களோடுதான் கண் அறுவை சிகிச்சை படித்து, அரசு வேலையில் இருந்து, முகாம்களில் ஆயிரக்கணக்கான கண்புரை ஆபரேஷன் செய்தார். 1976-ல் 58 வயதில் ஓய்வு பெற்றதும் மதுரையில் பதினொரு படுக்கையோடு ஆரம்பித்தார். மெக்டொனால்ட்ஸ் கடைகள் எந்த ஊரிலும் ஒரே தரத்தில், ஒரே முறையில் ஓடுவதைப் பார்த்து, கண் வைத்தியத்தை அப்படிக் கொடுக்க முடியாதா என்று அவர் கேட்டது பிரபலமான கதை.

அவர்கள் செய்தது கில்பிரெத் போட்ட வழியில்தான். கண்புரை ஆபரேஷனில் எது டாக்டர் மட்டும் செய்யக்கூடியது? லென்ஸை எடுத்து வேறு லென்ஸ் வைக்கும் அந்தச் சில நிமிஷங்கள். பார்வை அளப்பது, கண்ணில் மருந்து விடுவது, நோயாளியைத் தயார் செய்வது, கட்டுப் போடுவது, ஆறுதல் சொல்வது எல்லாம் இன்னொருவர் செய்யலாம். கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து அந்த வேலைகளை ஒப்படைத்தார்கள். டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்ததில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். முடிந்ததும் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பினால் போதும்.

இதன் கணக்கு எளிது. உதாரணத்துக்கு ஆபரேஷன் 10 நிமிஷம், ஆளை மாற்றித் தயார் செய்ய 10 நிமிஷம் என்று வைப்போம். ஒரு மேசை என்றால் மணிக்கு மூன்று பேர். இரண்டு மேசை என்றால் ஆறு பேர். கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு மேசையும் தயார் செய்யும் ஆட்களும். இன்னொரு டாக்டரை உருவாக்கப் பல வருஷம் ஆகும். எந்தப் படியில் நெருக்கடி இருக்கிறதோ அங்கே மட்டும் பாதுகாப்பு கொடு, மற்ற இடங்களில் கொஞ்சம் தாராளமாக இரு என்பதுதான் இதிலிருக்கும் பாடம்.

லென்ஸ் விலை அடுத்த நெருக்கடியாக வந்தபோது 1992-ல் ஆரோலேப் ஆரம்பித்துத் தாங்களே தயாரித்தார்கள். 1993-ல் ஹார்வர்டு வணிகப் பள்ளி இதைப் பாடமாக எழுதியது. உலகம் முழுக்க எம்.பி.ஏ. மாணவர்கள் படிப்பது அதைத்தான்.

பாடப்புத்தகத்தில் பலர் வேகமாகப் புரட்டிப் போகும் பக்கம் ஒன்று உண்டு. ஆபரேஷன் இலவசம் என்று அறிவித்தும் ஆட்கள் வரவில்லை. 1990-களில் கிராமங்களில் போய்ப் பார்த்த ஆய்வில், கண் பிரச்சினை உள்ளவர்களில் நூற்றுக்கு 7 பேர்கூட முகாமுக்கு வரவில்லை என்று தெரிந்தது. இலவசம் என்பது ஆஸ்பத்திரிக் கணக்கில்தான். நோயாளி கணக்கில் பஸ் காசு, சாப்பாடு, கூட வருகிறவரின் கூலி, பயம் எல்லாம் உண்டு. அதனால் அழைத்துப் போய்க் கொண்டுவிடுவதையும் சாப்பாட்டையும் சேர்த்தார்கள். 2004-லிருந்து கிராமங்களிலும் சிறு ஊர்களிலும் பார்வை மையங்களைத் திறந்து, பயிற்சி பெற்ற பெண் நோயாளியைப் பரிசோதிக்க, தூரத்திலிருக்கும் டாக்டர் கம்ப்யூட்டர் வழியாகப் பார்த்து ஆலோசனை சொல்லும் ஏற்பாட்டைச் செய்தார்கள். ஜான் லோவின் கிளை மருந்தகம் நூற்று நாற்பது வருஷம் கழித்து இணையத்தோடு திரும்பி வந்த மாதிரி இருக்கிறது.

படத்தின் எல்லைக்கோடு எங்கே வரைகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் கோடு போட்டால் எல்லாம் கச்சிதமாக ஓடுவதாகத் தெரியும். நோயாளியின் வீட்டுத் திண்ணையில் போட்டால்தான் வராத 93 பேர் கண்ணில் படுவார்கள்.

எங்கே பொருந்தாது

அரவிந்தைக் காட்டி எல்லா ஆஸ்பத்திரியும் இப்படி ஓடணும் என்று சொல்வது தப்பு. கண்புரை ஆபரேஷன் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் பெரிய வித்தியாசமில்லாத வேலை. ஏறுமாறு குறைவு என்பதால் வரிசை அடங்குகிறது. மெடிக்கல் காலேஜ் ஓ.பி.யில் ஒருவர் சளிக்கு வருவார், அடுத்தவர் நெஞ்சு வலியோடு வருவார். விபத்துப் பிரிவில் எப்போது யார் வருவார் என்று யாரும் அட்டவணை போட முடியாது. அங்கே ஆட்கள் கொஞ்ச நேரம் சும்மா இருப்பதுதான் சரியான ஏற்பாடு. தீயணைப்பு நிலையத்தில் வண்டி சும்மா நிற்கிறதே என்று யாராவது குறை சொல்வோமா? இரண்டாவது, வேகத்தை மட்டும் அளந்தால் ஆபத்து. எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது என்று ஒவ்வொரு டாக்டர் பேரிலும் எழுதி வைத்துப் பார்க்கும் பழக்கம் அரவிந்தில் வேகத்தோடு சேர்ந்தே இருந்தது. அதை விட்டுவிட்டு இரண்டு மேசையை மட்டும் காப்பியடித்தால் அது தொழிற்சாலையாகத்தான் முடியும்.

ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும் கணக்கு ஒன்று உண்டு. 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்தது. மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை ஒருவர் எத்தனை மணி நேரம் உள்ளே இருக்கிறார் என்பதால் பெருக்கினால், சராசரியாக உள்ளே இருக்கும் கூட்டம் கிடைக்கும். மணிக்கு 100 பேர், ஆளுக்கு 3 மணி நேரம் என்றால் 300 பேர். கூட வந்தவர்களோடு 600. அதே 100 பேர் ஒன்றரை மணி நேரத்தில் வெளியே போனால் பாதிக் கூட்டம்தான். நாற்காலியும் மின்விசிறியும் கூடுதலாக வாங்காமலே வராந்தா காலியாகிவிடும். கூட்டம் என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி, வந்தவர்கள் போக முடியாமல் நிற்பது.

இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் முதலில் வேண்டாம். ஒரு வாரத்துக்கு நோயாளியின் சீட்டிலேயே நான்கு நேரம் எழுதினால் போதும்: வந்தது, டாக்டரிடம் போனது, பரிசோதனை முடிவு கிடைத்தது, மருந்து வாங்கி வெளியே போனது. எங்கே தேங்குகிறது என்பது அந்தச் சீட்டுகளிலேயே தெரிந்துவிடும். அதை வைத்து பெய்லி மாதிரி பகடை உருட்டிப் பார்க்கலாம், கம்ப்யூட்டரில் ஓட்டியும் பார்க்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் செய்யலாம்.

சீட்டில் ஐந்தாவதாக ஒரு நேரத்தையும் எழுதச் சொன்னால் இன்னும் நல்லது: வீட்டிலிருந்து கிளம்பியது எத்தனை மணிக்கு? அந்த எண்ணைக் கேட்காத வரைக்கும், விடிகாலை முதல் பஸ் பிடித்து வந்தவரின் பொழுது எந்தக் கணக்கிலும் ஏறாது.